கார்ல்ஸ்ரூஹேயின் கசியாத வால்வு

சென்ற வாரம் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை மெய்ப்பித்துக் காட்டிய கூடத்தைப் பார்த்தோம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் உள்ள அதே கல்விக்கூடத்துக்கு இருபது ஆண்டுகள் தள்ளி மறுபடி போகிறோம். இம்முறை இயற்பியல் கூடத்துக்கல்ல, வேதியியல் கூடத்துக்கு.

1825இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் பாலம், ரயில்பாதை, இயந்திரம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து வளர்ந்தது. பழைய பல்கலைக்கழகங்கள் இத்தகைய தொழில்நுட்பக் கல்விக்கூடங்களைத் தங்களுக்குச் சமமாக மதிக்கவில்லை. டாக்டர் பட்டம் வழங்கும் உரிமைகூட 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் அவற்றுக்குக் கிடைத்தது. கணக்குப் போடுபவரும் கடைசல் எந்திரத்தில் நிற்பவரும் இங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். அந்த நெருக்கம் இல்லாவிட்டால் இன்று நான் சொல்லப்போகும் கதை நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கதையின் தேவை வயலில் தொடங்குகிறது. பயிருக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா தன் வயல்களுக்குத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக இறக்கிக்கொண்டிருந்தது. 1898இல் பிரிஸ்டல் நகரில் பேசிய ஆங்கில வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், அந்தப் படிவு தீர்ந்தால் கோதுமை உண்ணும் மக்கள் பஞ்சத்தைச் சந்திப்பார்கள் என்று எச்சரித்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள்தான் வழி காணவேண்டும் என்றும் சொன்னார்.

ஃபிரிட்ஸ் ஹாபர் 1894இல் உதவியாளராகக் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தவர். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாகச் சேர்த்து அமோனியா செய்ய முடியுமா என்று 1904 வாக்கில் சோதித்தார். 1000 பாகை வெப்பத்தில், இரும்பை வினையூக்கியாக வைத்துச் செய்த சோதனையில் கிடைத்த அமோனியா ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதை வைத்து ஆலை கட்ட முடியாது என்று அவரே ஒதுக்கிவைத்துவிட்டார்.

அவரை அந்த வேலைக்குத் திரும்ப இழுத்து வந்தது ஓர் அவமானம். 1907இல் ஹாம்பர்க்கில் நடந்த வேதியியலாளர் கூட்டத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட், ஹாபரின் அளவுகள் தவறானவை, உண்மையில் கிடைக்கக்கூடிய அமோனியா இன்னும் குறைவு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நெர்ன்ஸ்ட் அன்று பெரிய பெயர். ஹாபர் மனம் நொந்து திரும்பினார். ஆனால் ஒதுங்கிவிடவில்லை, முழு அளவீட்டையும் திரும்பச் செய்வது என்று முடிவெடுத்தார்.

இங்கேதான் ராபர்ட் லெ ரொசிஞோல் வருகிறார். இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவுக்காரர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்துவிட்டு 1906இல் ஹாபரிடம் சேர்ந்தவர், வயது இருபத்திரண்டு. கருவிகளைத் தானே வடிவமைக்கும் அபூர்வமான கை அவருக்கு. கூடவே கல்விக்கூடத்தின் மெக்கானிக் ஃபிரீட்ரிஷ் கிர்ஷென்பாவர். இவர்கள் இருவரும் இல்லாமல் ஹாபரின் கணக்கு காகிதத்தோடு நின்றிருக்கும்.

அந்தக் கணக்கு சொன்னது இதுதான். நான்கு பங்கு வாயு சேர்ந்து இரண்டு பங்கு அமோனியா ஆகிறது. இடம் சுருங்குவதால், அழுத்தத்தைக் கூட்டினால் அமோனியா கூடும். வினையில் வெப்பம் வெளிப்படுவதால், வெப்பத்தைக் குறைத்தாலும் அமோனியா கூடும். ஆனால் வெப்பத்தைக் குறைத்தால் வினை நகரவே மாட்டேன் என்கிறது. ஆகவே ஓரளவு குறைந்த வெப்பத்திலும் ஓடவைக்கும் ஒரு வினையூக்கி வேண்டும், மிகப் பெரிய அழுத்தமும் வேண்டும். எவ்வளவு பெரியது? ஏறக்குறைய 200 வளிமண்டலம். நம் சைக்கிள் டயரில் அடிக்கும் காற்று நான்கைந்து வளிமண்டலத்தைத் தாண்டாது. அன்றைய வேதியியல் தொழிலில் யாரும் 200 வளிமண்டலத்தில், அதுவும் செந்தணலாகக் காய்ந்த கலத்தில், வாயுவை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்ததில்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சில்லறை விஷயம்போலத் தோன்றும் சிக்கல் இருந்தது: கசிவு. இருப்பதிலேயே மிக இலேசான வாயு ஹைட்ரஜன். சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியே ஓடிவிடும், வெளியே வந்தால் தீப்பற்றும். உயர் அழுத்தத்தில் துளித்துளியாகத் திறந்து மூடக்கூடிய, கசியாத ஒரு கூம்பு வால்வை லெ ரொசிஞோல் உருவாக்கினார். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். மற்ற எல்லாமே அந்த வால்வின்மேல்தான் நின்றது.

அடுத்தது சுழற்சி. வாயுக் கலவை வினையூக்கியின் மேல் ஒருமுறை போனால் சிறு பகுதிதான் அமோனியாவாக மாறும். மீதியை வெளியே விட்டால் அழுத்தத்துக்குச் செலவிட்ட உழைப்பெல்லாம் வீண். ஆகவே அழுத்தத்தைக் குறைக்காமலே கலவையைக் குளிர்வித்து, அமோனியாவைத் திரவமாகப் பிரித்தெடுத்து, எஞ்சிய வாயுவைப் பம்பு மூலம் மறுபடி உள்ளே அனுப்பினார்கள். வெளியே வரும் சூடான வாயு, உள்ளே போகும் குளிர்ந்த வாயுவைச் சூடாக்கும்படி குழாய்களை அமைத்தார்கள். இன்றைக்கும் உலகத்து அமோனியா ஆலைகள் அத்தனையும் இந்தச் சுற்றில்தான் ஓடுகின்றன. ஒரு மேசையளவு கருவியில் முதலில் ஓடியது அது.

வினையூக்கி கிடைத்த விதமும் சுவையானது. பெர்லினில் இருந்த ‘அவர்’ (Auer) என்ற நிறுவனம் மின்விளக்கு இழைகளுக்காக அரிய உலோகங்களைக் கையாண்டுவந்தது. ஹாபர் அந்த நிறுவனத்தின் ஆலோசகர் என்பதால் அவை அவர் கைக்கு எட்டின. அவற்றில் ஒன்றான ஆஸ்மியத்தை 1909 மார்ச்சில் வைத்துப் பார்த்தபோது, அதுவரை காணாத அளவில் அமோனியா இறங்கியது.

லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். சாயத் தொழிற்சாலை முந்தைய ஆண்டே ஹாபரோடு ஒப்பந்தம் செய்திருந்தது. ஆனால் 100 வளிமண்டலம் என்று கேட்டதுமே அதன் ஆய்வுத் தலைவர் பெர்ன்ட்சன் மலைத்துப்போனார். உலோகவியல் படித்த இளம் பொறியாளர் கார்ல் போஷ்தான் எஃகால் இது முடியும், துணிந்து பார்க்கலாம் என்றார். 1909 ஜூலைத் தொடக்கத்தில் போஷும் வேதியியலாளர் ஆல்வின் மிட்டாஷும் நேரில் பார்க்கக் கார்ல்ஸ்ரூஹே வந்தார்கள். கருவியை இயக்கும் நேரத்தில் ஒரு பாகம் பழுதானது. சரிசெய்யத் தாமதமாகவே போஷ் கிளம்பிப் போய்விட்டார். மிட்டாஷ் இருந்தார்.

ஜூலை 2 அன்று கருவி ஓடியது. மறுநாள் ஹாபர் ஆலைக்கு எழுதிய கடிதத்தில் ஆரவாரம் எதுவும் கிடையாது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடியது, திரவ அமோனியா நிற்காமல் வந்தது, எல்லாப் பாகங்களும் கசிவின்றி இருந்தன, நேரமாகிவிட்டதாலும் எல்லோரும் களைத்திருந்ததாலும் நிறுத்தினோம் என்ற செய்திதான் அதில். நிமிடத்துக்குச் சுமார் 2 கன சென்டிமீட்டர், அவ்வளவே. காற்றிலிருந்து உரம் என்ற கனவு அந்த அளவில் நனவானது.

ஆஸ்மியம் உலகில் மிகச் சொற்பம். மிட்டாஷ் குழுவினர் மலிவான மாற்றுத் தேடி ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, அலுமினாவும் பொட்டாசியமும் சிறிதளவு கலந்த இரும்பைக் கண்டடைந்தார்கள். அதே இரும்புக் குடும்பம்தான் இன்றும் ஆலைகளில். 1912இல் லைப்சிக் நீதிமன்றத்தில் போட்டி நிறுவனம் ஒன்று இந்த அமோனியா முறையின் காப்புரிமையை எதிர்த்தபோது ஹாபர் பக்கம் பேச வந்தவர் யார் தெரியுமா? ஹாம்பர்க்கில் அவரைத் தலைகுனிய வைத்த அதே நெர்ன்ஸ்ட்.

1918ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹாபருக்கு. 1931இல் இன்னொருவரோடு பகிர்ந்து போஷுக்கு. லெ ரொசிஞோலின் பெயரை ஹாபர் தன் நோபல் உரையில் நன்றியோடு சொன்னார், காப்புரிமை வருமானத்திலும் பங்கு தந்தார். அதில் அவர் நேர்மையாளர். ஆனால் ‘ஹாபர்-போஷ்’ என்ற முறையின் பெயரில் லெ ரொசிஞோலுக்கு இடமில்லை, கிர்ஷென்பாவரைப் பாடநூல் எதுவும் அறியாது. என்னை உறுத்துவது இது.

இன்று மனிதகுலத்தில் ஏறத்தாழ பாதிப்பேரின் உணவு இந்த முறையில் பிடித்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மணலியிலும் தூத்துக்குடியிலும் செய்த யூரியாவை மேலுரமாக இறைக்கும் நம் விவசாயியும் அந்தக் கணக்கில் உண்டு. அதே அமோனியா முதல் உலகப் போரில் சிலி வெடியுப்பு தடைபட்ட ஜெர்மனிக்கு வெடிமருந்தும் கொடுத்தது. ஹாபர் 1911இல் பெர்லினுக்குப் போனார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் பணியை முன்னின்று நடத்தியவர் அவரே. அதை எந்தச் சாதனையாலும் கழித்துவிட முடியாது.

மறுபடி 1909க்கு வருவோம். அந்த மேசைக் கருவியை ஆலையாக்கும் பாரம் போஷின் தலையில் விழுந்தது. அவர் செய்த முதல் எஃகுக் கலங்கள் சுமார் 80 மணி நேரம் ஓடிவிட்டு வெடித்தன. உடைந்த துண்டுகளை ஆராய்ந்தபோது எஃகிலிருந்த கார்பனை ஹைட்ரஜன் உறிஞ்சிப் போயிருந்தது தெரிந்தது. அதை அவர் எப்படிச் சமாளித்தார், 1913இல் ஓப்பாவில் ஆலை எப்படி எழுந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.