ருவன்வெலிசாயவின் புனரமைப்பு

ருவன்வெலிசாய என்பது இலங்கையின் அனுராதபுரத்தில் உள்ள பௌத்தத் தாதுகோபம் ஆகும். மகாதூபி என்றும் இது அழைக்கப்படுகிறது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டத் தொடங்கினான். பணி முடியுமுன் அவன் இறந்துவிட, தம்பி சத்தாதிசன் நிறைவு செய்தான். கூலி பெறாமல் எவரும் இங்கு வேலை செய்யக்கூடாது என மன்னன் ஆணையிட்டதாக மகாவம்சம் கூறுகிறது.

சிதைவு

11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியின்போது தலைநகரம் பொலன்னறுவைக்கு மாறியது. பிற்காலத்தில் அனுராதபுரத்தைக் காடு சூழ்ந்தது. செங்கல் தூபியின் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். பறவைகள் இடும் ஆல, அரச விதைகள் முளைத்து, வேர்கள் கட்டைப் பிளக்கும். இவ்வாறே மகாதூபி மரங்கள் அடர்ந்த மேடாயிற்று.

மீட்பு

1870களில் நாரன்விட்ட சுமணசார தேரர் அடியார்களிடம் நன்கொடை திரட்டிப் புனரமைப்பைத் தொடங்கினார். பணியைத் தொடர்வதற்காக 1902இல் புனரமைப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. அரசன் கூலி கொடுத்துக் கட்டியதை மக்கள் காசு சேர்த்து மீட்டனர். 1940 சூன் 17இல் கோபுர முடி சூட்டப்பட்டது. தொடங்கியவர்களில் பலர் அதைக் காண உயிரோடு இல்லை.

இருவேறு நோக்குகள்

வழிபடுவோருக்குத் தூபி வெண்மையாக, முழுமையாக இருக்கவேண்டும். தொல்லியலாளருக்குப் பழைய செங்கல்லே சான்று. புதிய பூச்சு அதை மறைத்துவிடும். அதே நகரின் சேதவனாராமத் தூபி பூச்சின்றிச் செங்கல்லாகவே பேணப்படுகிறது. துட்டகைமுனு கட்டிய மிரிசவெட்டிய தூபியோ, புனரமைப்பின்போது 1987இல் இடிந்து விழுந்து, மீண்டும் கட்டப்பட்டது. பக்தியும் பொருளும் மட்டும் போதா, கட்டுமான அறிவும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.