நெளியும் ஓரம்: ஓர் ஒட்டுப்போர்வையின் வரலாறு

காங்கேசன்துறை வரலாறு எண்டால் சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், யாழ்தேவி. நாங்களும் அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். ஆனால் எங்களில் ஒருவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்த அம்மம்மாவின் போர்வை கதையை மாத்திப்போட்டுது. சேலைச்சட்டை தைத்து மிஞ்சின வெட்டுத்துணிகளைப் பொருத்தி, அடியில் பழஞ்சேலை வைத்துத் தைத்தது. நடுப்பகுதி தட்டையாகக் கிடக்கிறது. ஓரம் மட்டும் அலை அலையாக நெளிகிறது. "தைக்கத் தெரியாத ஆள் தைச்சதோ?" எண்டு கேட்டோம். பிழையான கேள்வி.

நெசவில் பாவு நூல் நீளவாட்டில் ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். அந்த இரண்டு திசையிலும் இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது. இரண்டுக்கும் நடுவே, 45 பாகைச் சாய்வில் இழுத்துப் பாருங்கள். இழைகள் சரிந்து கொடுக்கும், துணி நீளும். தையற்காரர் 'கிறாஸ்' எண்டு சொல்வது இதைத்தான். சட்டை உடம்போடு படிய வேண்டுமென்றுதான் கிறாஸில் வெட்டுகிறார்கள். 1920களில் பாரிஸில் மதலேன் வியோனே பெயரெடுத்ததும் இந்த இழுவையை வைத்தே. ஆனால் சட்டைக்கு உதவுகிற இழுவை போர்வைக்கு உதவாது. கிறாஸ் வெட்டில் மிஞ்சுகிற முக்கோணத் துண்டுகளில் ஒரு விளிம்பாவது சாய்வாக இருக்கும். கொஞ்சம் இழுத்துத் தைத்தாலும் நீண்டுவிடும், பிறகு நெளியும்.

ஊசியும் நூலும் எங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடப் பாடமாகத் தையல் வந்தது மிசன் காலத்தில். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து தங்கிய இடங்களில் ஒன்று, துறைக்குப் பக்கத்திலுள்ள தெல்லிப்பழை. 1824இல் ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் வாசிப்போடு தையலும் படிப்பித்தார்கள். 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது. பிறகு மெசின் வீடுகளுக்குள்ளும் வந்து, பெண்களின் கைக்காசுக்கு வழியானது. தொழிற்சாலைக்கு 1950 என்றும் யாழ்தேவிக்கு 1956 என்றும் ஆண்டு சொல்ல முடிகிற எங்களுக்கு, இந்த மெசின்களைப் பற்றிச் சொல்ல ஓர் ஆண்டும் இல்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடிக்க, வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. அந்த அம்மம்மா மெசினின் தலைப்பகுதியைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவராம். முகாமில் அவ தைத்த சட்டைகளின் மிச்சம்தான் இந்தப் போர்வை.

அவவின் முறையைக் கேட்டோம். "துணியை வெட்ட முன்னம் சோத்துக்கஞ்சியில தோய்ச்சு விறைப்பாக் காயவிடோணும். சாய்வு விளிம்பையும் நேர் விளிம்பையும் சேர்க்கேக்க சாய்வைக் கீழ விடு, மெசின் பல்லு மெல்ல இழுத்துக்கொண்டு போகும். நீ இழுக்காத. அயன் பெட்டியைத் தேய்க்காத, வைச்சு எடு." வெளியோரத்துக்கு நேர் நூலில் வெட்டின நீளத்துண்டு போட்டால் அது முழுப்போர்வையையும் பிடித்துக்கொள்ளுமாம். "அப்ப ஏன் இது நெளியுது, அம்மம்மா?"

"நேர்த்துண்டுக்கு எங்க பிள்ளை துணி?"

அந்த நெளிவு கைப்பிழையில்லை, துணித் தட்டுப்பாடு.

அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகளை 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. எங்கட போர்வைகளோ அலுமாரி அடியில் கிடந்து, கடைசியில் கால்மிதியாகின்றன.

2015 ஜனவரியில் ரயில் மறுபடி துறைக்கு வந்தது. காணிகளும் கட்டங்கட்டமாக விடுபட்டன. திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது பற்றையும் இடிந்த சுவரும்தான். இந்தக் குடும்பத்தின் வீடும் இல்லை. போர்வை இருக்கிறது.

ஓரத்தை வெட்டி, நேர்த்துண்டு வைத்துத் திருத்துவமோ எண்டு எங்களுக்குள் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். பாவிக்கிற பொருள், திருத்தினால் இன்னும் கனகாலம் நிற்கும் எண்டது ஒரு பக்கம். திருத்தினால் அவ சொன்ன பதில் அழிஞ்சுபோகும் எண்டது மற்றப் பக்கம். கடைசியில் தொடவில்லை, படமெடுத்து, அளந்து, துண்டு துண்டாகக் குறித்து வைத்தோம்.

உங்கட வீட்டிலும் இப்படியொன்று இருந்தால் தூக்கிப்போட முன்னம் தைத்தவரிடம் கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.