கருப்பு வண்டிக்குக் கட்டிய குஞ்சம்

சைக்கிள் கம்பெனிகள் நமக்கு விற்றது ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான். கருப்புப் பெயிண்ட், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. ராலேவுக்கும் ஹெர்குலிஸுக்கும் என்ன வித்தியாசம் என்பது கிட்டப் போய் முத்திரையைப் பார்த்தால்தான் தெரியும். அப்படியிருந்தும் 1970களில் சோமனூர் ரயிலடியில் வரிசையாக நின்ற வண்டிகளில் தன்னுடையது எது என்று யாரும் தேடி நான் பார்த்ததில்லை. நூறடி தள்ளியே அடையாளம் தெரியும். எங்கள் மாமா அந்த வழியில்தான் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அங்கேதான் வேலை. ஊர்க்காரர்கள் அந்தக் கருப்பு வண்டிக்கு என்னென்ன போட்டார்கள், ஏன் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அந்தக் கடை வாசலில் பார்த்தது.

இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிற, சங்கிலியால் பின்சக்கரம் சுற்றுகிற வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் கொண்டுவந்தது 1885-ல். மூன்று வருஷத்தில் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்துவிட்டது. ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ. எல்லாம் கப்பலேறித்தான் நம் பக்கம் வந்தன. அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்கள் மணியக்காரர், வாத்தியார், மில் உத்தியோகஸ்தர் மாதிரி ஆட்கள்தான். அவர்களுக்கு ஜோடனை தேவைப்படவில்லை. வண்டி இருப்பதே போதுமான பெருமை. முருகப்பா குழுமம் பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வரத் தொடங்கியது. அதே சமயத்தில் அசன்சோலில் சென்-ராலே, சோனிப்பட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. இங்கேயே செய்த வண்டி வந்த பிறகுதான் கூலிக்காரன் கைக்குச் சைக்கிள் எட்டியது. ஜோடனையின் கதையும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

எங்கள் ஊருக்குச் சைக்கிள் வேண்டியிருந்ததற்குத் தறிதான் காரணம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவை மில்கள் பெருகின. பிற்பாடு சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம், கணியூர் என்று சுற்றுவட்டம் முழுக்க விசைத்தறி பரவியது. தறிக்குடோன் ஓரிடம், வீடு ஓரிடம், நூல் கொடுக்கிறவர் வேறிடம். இரவு ஷிப்டு விடுகிற நேரத்துக்கு எந்த பஸ் வரும்? சைக்கிள் இருந்தவன் நாலு ஊர் தள்ளியும் வேலைக்குப் போனான். இல்லாதவன் பக்கத்துக் குடோன்காரர் சொன்ன கூலிக்கு நின்றான். சொந்த நிலமோ சொந்தத் தறியோ இல்லாத ஒரு தறிக்காரன், வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயருக்கு வாங்கிய பெரிய சாமான் சைக்கிளாகத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவைக்க மனசு வருமா?

வண்டியில் ஏறிய சாமான்களில் சில சட்டத்துக்காக ஏறியவை. இரவில் விளக்கு வேண்டும், மணி வேண்டும், டபுள்ஸ் போகக் கூடாது. உள்ளாட்சிக்கு வரி கட்டி, வருஷம் பொறித்த வில்லையை ஹேண்டில்பார் பக்கம் தொங்கவிட வேண்டும். வில்லை இல்லாமல் மாட்டினால் அபராதம், விளக்கு இல்லாமல் மாட்டினால் சக்கரத்தில் காற்று இருக்காது. ஆனால் எங்கள் ஆட்கள் சட்டம் கேட்டதையே ஒரு நகையாக்கிவிட்டார்கள். பழைய வருஷத்து வில்லையைத் தூக்கிப் போடாமல் புதுசோடு சேர்த்துக் கோத்துக்கொள்வார்கள். ஓட்டும்போது கிலுகிலுவென்று கேட்கும். எத்தனை வருஷமாகச் சைக்கிள்காரன் என்பதற்கு அதுதான் கணக்கு.

விளக்கில் டைனமோவின் மவுசே தனி. மண்ணெண்ணெய் விளக்கு குழியில் இறங்கினால் அணைந்துபோகும். டைனமோவுக்கு அந்தக் கவலை இல்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் புட்டி மாதிரி தொங்கும். விசையைத் தட்டினால் அதன் தலையிலுள்ள உருளை டயர் விளிம்பில் போய் ஒட்டி, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். 6 வோல்ட், 3 வாட். அவ்வளவுதான் மின்சாரம், ஆனால் கால் அதை நன்றாகவே உணரும்; மிதி கனத்துவிடும். மேட்டில் ஏறினால் வெளிச்சம் மஞ்சளாகிச் சுருங்கும், இறக்கத்தில் வேகம் கூடினால் பல்பு பொசுக்கென்று போய்விடும். அதனால் மாமா கடையில் பஞ்சர் சொலுஷனுக்கு அடுத்தபடியாக விற்றது பல்புதான். இருந்த ஒரு விளக்கு போதாதென்று முன்னால் இரண்டு விளக்கு மாட்டச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. இரண்டும் பாதி வெளிச்சம்தான் தரும் என்று மாமா எடுத்துச் சொல்வார். "எரியாட்டிப் போவுதுங் மாமா, பகல்ல பாக்க ரெண்டு இருக்கோணும்" என்பார்கள்.

வேலைக்காக ஏறியவை இன்னொரு வகை. ஊடை நூல் மூட்டையும் துணிக் கட்டும் ஏற்றப் பட்டைக் கம்பி வைத்த கனத்த கேரியர், பாரம் தாங்க இரட்டை ஸ்டாண்டு. சுமை ஏற்றுகிறவர்கள் டபுள் பார் வண்டி கேட்டு வாங்குவார்கள். குழந்தைக்கு முன்பாரில் ஒரு குட்டி சீட்டு.

மூன்றாவது வகை ஆசைக்காக ஏறியது. இதுதான் கடைக்குச் சோறு போட்டது. அச்சைத் துடைக்கிற சாக்கில் ஹப்பில் போடுகிற கலர் பிரஷ் வளையம். கைப்பிடியில் பிளாஸ்டிக் குஞ்சம். பாரில் வரிசை பிசகாமல் சுற்றிய இரண்டு நிற ஒயர். ஜரிகை வைத்த வெல்வெட் சீட்டு உறை. மட்கார்டு நுனியில் தொங்கும் ரெக்ஸினில் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ. செயின் கவரில் பெயர் எழுத போர்டு எழுதுகிறவரிடமே போவார்கள். சொந்தப் பெயரை எழுதியவர் குறைவு. பிள்ளை பெயர், குலதெய்வம், அப்புறம் கட்சிக்கொடி நிறத்தில் ஒரு பட்டை.

எனக்குப் பிடித்தது போக்ஸ் மணி. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பிளவு விட்ட பிளாஸ்டிக் மணிகளைக் கம்பியில் அழுத்தினால் 'டிக்' என்று ஏறிக்கொள்ளும், ஆனால் இறுகாது, மேலும் கீழும் ஓடும். வேகமாகப் போனால் மணிகளெல்லாம் ரிம் ஓரம் போய் ஒட்டிக்கொண்டு சத்தமே வராது. மெதுவாகப் போனால்தான் சக்கரம் சுற்றச் சுற்ற மேலிருந்து வழுக்கி விழுந்து சலசலக்கும். ஆகவே மணி போட்டவன் டீக்கடை முன்னாலும், தண்ணிக் குழாயடியிலும் கட்டாயம் மெதுவாகத்தான் போவான். அவன் எங்கே வேகம் குறைக்கிறான் என்பதை வைத்தே ஊர் ஒரு கல்யாணச் சேதியை ஊகித்துவிடும்.

இதெல்லாம் ஒன்றுகூடி மேடையேறும் நாள் ஆயுத பூஜை. முதல் நாளே கடை வாசலில் வரிசை நிற்கும். ஓவராயில் பண்ண வேண்டும்: ஹப்பைத் திறந்து, குண்டுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டி, சக்கரத்தில் கோட்டம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் தறிக்குப் பூஜை முடிந்ததும் சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் வாழைக்கன்று. அப்புறம் வண்டிகள் ஒன்றுமில்லாத காரியத்துக்கு ஊரைச் சுற்றிவரும். ஊர்ப் பொட்டலில் இராப்பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டும் சாதனைக்காரர்கள் வந்தாலும் இப்படித்தான். சைக்கிளிலேயே குளிப்பார்கள், சைக்கிளிலேயே சாப்பிடுவார்கள். ரேடியோ செட்டு பாடிக்கொண்டிருக்கும். அவர்கள் போய்விட்ட பிறகு, அவர்கள் வண்டியில் இருந்த காகிதப்பூ ஊர்ச் சைக்கிள்களில் பூத்திருக்கும்.

நாங்கள் இப்படிச் சேர்த்துக்கொண்டே போன அதே காலத்தில் ஐரோப்பாவில் நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. 1972 அக்டோபரில் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவருக்கு வண்டி செய்துகொடுத்த எர்னெஸ்டோ கோல்னாகோ, எடை குறைய வேண்டும் என்று ஹேண்டில்பாரிலும் சங்கிலியிலும்கூடத் துளை போட்டிருந்தார். வண்டி மொத்தமே ஆறு கிலோவுக்கும் குறைவு. எங்கள் வண்டி வெறுமனே 20 கிலோவை ஒட்டி இருக்கும், ஜோடனை தனி.

கழற்றுகிற பழக்கம் எங்களுக்கு பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரோடு வந்தது. மெலிந்த வண்டி, கலர் பெயிண்ட். 1980களின் பையன்கள் செயின் கவரைக் கழற்றினார்கள், கேரியரைக் கழற்றினார்கள், சிலர் மட்கார்டையும் எடுத்துவிட்டு மழையில் முதுகெல்லாம் சேறாக வந்தார்கள். கழற்றின சாமான் கடை மூலையில் குவிந்தது. மாமாவுக்கு ஆற்றாமை: "போடறதுக்குக் காசு குடுப்பாங்க, கழட்டறதுக்கு யார்றா குடுப்பா?" அந்தச் சமயத்தில்தான், 1980-ல், ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கூலி உயர்வுப் போராட்டத்தில் தறி நின்றுபோன மாதங்களில் கடையும் படுத்தது. தறி மறுபடி ஓடியபோது கையில் காசு பார்த்தவர்கள் மொபெட்டுக்கு மாறியிருந்தார்கள். குஞ்சமும் குலதெய்வமும் அவர்களோடு மொபெட்டுக்குக் குடிபோயின. ஒரு மனிதனின் பெரிய சாமான் எதுவோ அதற்குத்தான் ஜோடனை. சைக்கிளுக்கு அந்த இடம் போய்விட்டது.

முழுக்கப் போய்விடவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளிடம் தொடங்கி, 2005-06-ல் மற்றவர்களுக்கும் விரிந்தது. பள்ளிக்கூட நிழலில் எல்லாம் ஒரே நிறத்தில் நின்றால் பிள்ளைகள் விடுவார்களா? கொடுத்த வாரமே ரிப்பன், ஸ்டிக்கர், கூடை.

இன்று ஞாயிறு காலையில் அவிநாசி சாலையில் கோவையிலிருந்து பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். கார்பன் வண்டி. உலக சைக்கிள் சங்கம் 2000-த்திலிருந்து பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. இவர்கள் கிராம் கிராமாக அந்த எண்ணை நோக்கி இறங்குகிறார்கள். ஒரு திருகாணியை மாற்றியதைக்கூடச் சந்தோஷமாகச் சொல்வார்கள். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம் போகிறவர் ஒருவர் வண்டியில் புரூக்ஸ் தோல் சீட்டு இருந்தது. 1866-ல் தொடங்கிய கம்பெனி. மாமா கடையில் நாங்கள் வெல்வெட் உறைக்குள் ஒளித்து வைத்தது, இவரிடம் வண்டியின் கிரீடமாக இருக்கிறது.

பெருமை இவர்களுக்கும் இருக்கிறது, எங்களுக்கும் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் போக்ஸ் மணியை ஊரே கேட்டது, ஊருக்கே அர்த்தம் தெரிந்தது. இவர்களுடைய 200 கிராம் மிச்சத்தை இன்னொரு பந்தய சைக்கிள்காரரால்தான் படிக்க முடியும். போன மாதம் கருமத்தம்பட்டி டீக்கடையில் ஒருவர் தன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு விலையைச் சொன்னார், லட்சங்களில். பக்கத்தில் நின்ற தறிக்காரர் வண்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்: "இத்தன ரூவா வாங்கிட்டு, ஒரு ஸ்டாண்டு கூடப் போட்டுக் குடுக்கலீங்களா?"