மணவிலக்குக்கு முன்னர்: ஒரு வழக்கு கற்பித்த பாடம்



மணவிலக்கு என்பது சினத்தில் உதிரும் ஒரு சொல்லன்று. பல படிகளைக் கடந்து, வேறு வழியில்லாதபோது வந்துசேரும் முடிவாகும். தம்பதியரிடையே பிளவு ஏற்படுமென அஞ்சினால், இரு குடும்பத்தாரிலிருந்தும் நடுவர் ஒருவரை அமர்த்துமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கின்றது. இத்தாவைக் கணக்கிடுமாறும், நேர்மையான இருவரைச் சாட்சியாக்குமாறும் (65:1-2) கட்டளையிடுகின்றது. இம்முன்னேற்பாடுகள் கைவிடப்பட்டால் நேரும் துயரை நம் நாட்டு வரலாறு காட்டுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில், கணவன் கைவிட்டாலும் காணாமற்போனாலும் மனைவி விடுதலை பெறுவது மிக அரிதாயிருந்தது. வழியறியாத சில பெண்கள் மார்க்கத்தைத் துறந்தேனும் மணத்தை முறித்துக்கொள்ள முற்பட்டனர். இதுகண்டு வருந்திய மௌலானா அஷ்ரப் அலி தானவி அவர்கள், 1930களின் தொடக்கத்தில் மாலிக்கி மத்ஹபின் தீர்வுகளை எடுத்தாண்டு நூலொன்றை வெளியிட்டார்கள். உலமாக்களின் முயற்சியும் சேர, 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. நான்காண்டுகள் கணவனைப் பற்றிய தகவலின்மை, ஈராண்டுகள் பராமரிக்காமை, கொடுமை முதலியன மனைவி வழக்குத் தொடுப்பதற்குரிய காரணங்களாயின. ஆயினும் அவற்றை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும்.

சான்றின் அருமையை உணர்த்தியது ஷமீம் ஆரா வழக்கு. 1968இல் மணமுடித்த அவர், தமக்கும் சிறுவரான இரு பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கோரி 1979இல் விண்ணப்பித்தார். கணவரோ, 1987இலேயே தலாக் சொல்லிவிட்டதாக 1990இல் தாக்கல் செய்த பதிலுரையில் கூறினார். 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தலாக்கிற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும். அதற்கு முன் இரு தரப்பு நடுவர்கள் இணக்கம் காண முயன்றிருக்கவேண்டும். தலாக் கூறியதை மெய்ப்பிக்கவும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. திருமறை முன்னரே காட்டிய வழியன்றோ இது! எனினும் விண்ணப்பத்திற்கும் தீர்ப்பிற்கும் இடையே 23 ஆண்டுகள் உருண்டோடின. சிறுவர்களாயிருந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டனர்.

பின்னர் 2017 ஆகஸ்டில் ஒரே மூச்சில் கூறும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் இணக்கத்திற்கு முயலுமாறே நீதிபதிக்குப் பணிக்கின்றது.

ஆகவே, வழக்கு மன்றத்தை நாடுமுன் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றைச் செய்தல் நலம். இரு வீட்டுப் பெரியவர்களும் அமர்ந்து பேசட்டும். பேசிய நாளையும் முடிவையும் எழுதிக் கையொப்பமிடட்டும். நிகாஹ் பதிவு, கொடுத்த மஹர், கொடாத மஹர், நகை, சீர் ஆகியவற்றின் கணக்கு தெளிவாகட்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றுகளும் பத்திரமாயிருக்கட்டும். எவரிடம் வளர்வர், செலவை யார் ஏற்பர் என்பதை முன்னரே பேசி முடிக்கட்டும். தாயைப் பற்றித் தந்தையோ, தந்தையைப் பற்றித் தாயோ பிள்ளைகளிடம் இழிவாகப் பேசாதிருக்கட்டும். மணம் முறியலாம், பெற்றோர் என்னும் உறவு முறியாது.

இவ்வாறு ஆயத்தமாகும்போதே சில குடும்பங்கள் மனம் மாறி இணைவதுண்டு. இணையாதவை அழகிய முறையில் பிரியும். இரண்டிற்கும் துணைநிற்பது ஜமாஅத்தின் கடமை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் கருணையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.