உம்மா வீட்டுக்கு அடுத்த வளவு

"மட்டக்களப்புப் பக்கம் போனா பாயோட ஒட்ட வச்சிருவாங்க."

யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் கரைக்கு வேலைக்கு வருகிற ஆண்களுக்கு வீட்டார் சொல்லி அனுப்பும் பழைய பகிடி இது. வந்தவன் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிடுவான், ஊருக்குத் திரும்ப மாட்டான், ஏதோ மருந்து போட்டுவிடுவார்கள் என்று அர்த்தம். அட்டாளைச்சேனைக்காரர்களான எங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவார். வெளியூர்க்காரன் திரும்பிப் போகாததற்கு இந்த வழக்கமே போதும், மருந்து எதற்கு?

ஆனால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அது எங்கள் குசினிகளுக்கு என்ன செய்தது, இப்போது அதற்கு என்ன ஆகிறது என்று நாங்கள் உட்கார்ந்து பேசியதில்லை. போன நோன்பு காலத்தில் ஒரு சின்ன வேலையைத் தொடங்கினோம். எங்கள் மூத்தம்மாமாரிடம் பழைய சமையல் பக்குவங்களைக் கேட்டு எழுதி வைப்போம் என்று கொப்பியும் பேனையுமாகப் போனோம். "சட்டிய எப்பிடிப் பழக்கின?" என்று கேட்டால், "அப்ப நான் கிழக்குப் பக்கத்து வீட்டுல இருந்தன், உங்கட உம்மா பொறக்கல்ல" என்றுதான் பதில் ஆரம்பமாகிறது. ஒவ்வொரு பக்குவத்துக்கும் ஒரு வீடும் ஒரு வளவும் பின்னால் இருக்கிறது. ஆகவே முதலில் வீட்டின் கதை.

குடியும் வீடும்

எங்கள் ஊர்ப் பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம், அட்டாளை என்றால் காவல் பரண், சேனை என்றால் காடு வெட்டிச் செய்யும் பயிர். அந்தச் சேனைக்கு முஸ்லிம்கள் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. வரலாற்று நூல்கள் வழக்கமாகக் காட்டும் ஆண்டு 1626. போர்த்துக்கீசர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புக் கரையில் குடியேற்றினான் என்பது அந்தச் செய்தி. வாய்மொழிக் கதை வேறு ஒன்று சொல்கிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள், வென்றபின் முக்குவப் பெண்களைக் கலியாணம் முடித்து இங்கேயே தங்கினார்கள் என்பது அந்தக் கதை. அது நடந்தபடியே சொல்லப்படுகிறதா என்பதை விடுவோம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தக் கரையில் பொதுவாக இருக்கும் ஒன்றை அது விளக்கப் பார்க்கிறது. அதுதான் குடி.

குடி தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை என்பது பழைய விதி. பல ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கே குடிக்கு ஒரு மரைக்காயர் என்று ஆள் போட்ட காலம் இருந்தது. மட்டக்களப்பு முக்குவரிடம் சொத்து ஒரு ஆணிடமிருந்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் வழமை இருந்தது. அதை 1876-இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டம் என்ற பெயரில் ஆங்கிலத்தில் நூலாக்கினார். பிறகு நீதிமன்றத்தில் அந்தச் சட்டத்தின் பிடி விட்டுப்போனது. ஆனால் சொத்துப் பெண் வழியே போவது நிற்கவில்லை. சீதன உறுதி வழியாக வீடும் வளவும் வயலும் மகளின் பெயருக்குப் போயின.

1969-இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைத் தமிழர், முஸ்லிம் இரு பக்கத்திலும் இருந்து பார்த்து எழுதினார். 2008-இல் வெளிவந்த அவரது பெரிய நூல் இந்தக் கரையைப் பற்றியதுதான். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. பெற்றோர் அதே வளவில் ஒரு சிறிய வீட்டுக்கோ பக்கத்து வளவுக்கோ நகர்வார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. கடைசியில் ஒரு தெருத் துண்டு முழுக்க மூத்தம்மா, உம்மா, சாச்சிமார், ராத்தாமார் என்றாகிவிடும். நடுவில் வேலி இருக்கும். வேலியில் ஒரு ஆள் போகிற அளவுக்குக் கடப்பும் இருக்கும்.

இஸ்லாத்தில் மகளின் வாரிசுப் பங்கு மகனின் பங்கில் பாதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது மரணத்துக்குப் பின் பிரிக்கும் சொத்துக்கு. இலங்கையில் 1931-இன் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதைத்தான் பேசுகிறது. இங்கே வீடு கைமாறுவது பெற்றோர் உயிரோடு இருக்கும்போது. இது நம் கரைக்கு மட்டும் உரிய விசித்திரமும் இல்லை. தமிழ்நாட்டுக் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் வருகிறார். கண்ணூர்ப் பக்கத்து மாப்பிளா முஸ்லிம்களின் தறவாடுகள் தாய்வழி. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் உலகத்திலேயே பெரிய தாய்வழி முஸ்லிம் சமூகம். வியாபாரத்துக்கும் கடலுக்கும் ஆண்கள் போய்வந்த ஊர்களில் பெண்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

குசினிக்குள் என்ன நடந்தது?

மற்ற இடங்களில் கலியாணம் முடித்த பெண் மாமியின் அடுப்படிக்குப் போகிறாள். புதுப் பக்குவம் படிக்க வேண்டும், தன் உம்மாவின் பக்குவத்தை மறக்க வேண்டும். எங்கள் ஊரில் பெண் நகரவில்லை, அடுப்பும் நகரவில்லை. உம்மாவின் கை மகளின் கைக்கு நேராக வந்தது. அதனால்தான் எங்கள் மூத்தம்மாமாருக்கு அளவு சொல்லத் தெரியாது. "நான் என்ன கணக்குப் பாத்தா போட்ட?" என்பார்கள். எழுத வேண்டிய தேவையே வரவில்லை. கடப்புக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் படிக்கிற ஆள் இருந்தாள்.

நாங்கள் எழுதிக்கொண்டதில் சில:

புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊற வை. பிறகு அரிசி கழுவிய தண்ணியோ கஞ்சியோ விட்டு மெல்லிய நெருப்பில் கொதிக்க விடு. மண்ணின் நுண்துளைகளில் மா போய் அடைத்துக்கொள்ளும். சட்டி கசியாது, வெடிப்பதும் குறையும்.

மீன் மலிந்த நாளில் மிஞ்சியதை வீசாதே. கொறக்காப்புளியும் உப்பும் கூடப் போட்டுத் தண்ணி வற்றும் வரைக்கும் வேக வை. ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டது இப்படித்தான். புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்தால் கிருமி சீக்கிரம் பெருக முடியாது. இது தெரியாமலே செய்தார்கள் என்று சொல்ல மாட்டோம். "புளி கொறஞ்சா மறுநாள் நாறும்" என்று ஒரு மூத்தம்மா சொன்னதும் அதே அறிவுதான்.

முதல் பால் விட்டபிறகு கறியைக் கொதிக்க விடாதே, துழாவிக்கொண்டே இருந்து இறக்கு. அதிகம் கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். கப்பிப் பாலில் வேக வைத்து முதல் பாலில் முடிப்பது என்ற ஒழுங்கு அதற்குத்தான்.

அரிசியை அரிக்கன் சட்டியில் சுழற்றிச் சுழற்றி அரி. சட்டிக்குள் இருக்கும் வரிகளில் பாரமான கல் தங்கும், அரிசி தண்ணியோடு அடுத்த சட்டிக்குப் போகும்.

விதை நெல்லில் காய்ந்த வேப்பிலை போடு. இரவு அடுப்பை அணைக்காதே, தணலைச் சாம்பலால் மூடு, விடிய ஊதினால் நெருப்பு வரும். நெருப்புப் பெட்டி மிச்சம்.

ஒரு பக்குவத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடு, அது உப்பை இழுக்கும் என்று ஒரு சாச்சி சொன்னார். செய்து பார்த்தோம். கிழங்கு உப்புத் தண்ணியைத்தான் உறிஞ்சுகிறது, மிச்சக் கறியின் உப்பு அப்படியேதான் இருக்கிறது. கப்பிப் பால் கூட விடுவதுதான் வழி. பழசு என்பதற்காக எல்லாம் சரி என்று எழுத மாட்டோம் என அன்றைக்கே முடிவெடுத்தோம்.

கடல் வந்த காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிக் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நாட்டிலேயே அதிக இழப்பு இந்த மாவட்டத்தில்தான். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்கள் வரிசையாகச் சிதைந்தன. பிறகு இந்த மாவட்டத்தின் முகாம்களில் எடுத்த ஆய்வொன்று, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்தது ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் ஒன்று. அந்த நேரத்தில் குசினியில் யார் நின்றிருப்பார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு வந்தது இடப்பெயர்வு. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். இடையில் ஆட்களை உள்பக்கத்துக் காணிகளுக்கு, வரிசை வீடுகளுக்கு மாற்றும் திட்டங்கள் வந்தன. நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியில் கட்டிய 500 வீடுகள் இனப் பிரச்சினையிலும் வழக்கிலும் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்தன.

வீடு கிடைத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. குடும்பத் தலைவர் பெயருக்கு வீடு என்றது அரச நடைமுறை. படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெரும்பாலும் கணவனின் பெயரைத்தான் எழுதினார்கள். அலை அடித்துப் போன வீடோ மனைவியின் சீதன வீடு, உறுதியில் அவளின் பெயர். கொழும்பில் உருவான ஒரு படிவம் எங்கள் ஊரின் சில நூற்றாண்டு வழக்கத்தை ஒரு கையொப்பத்தில் திருப்பிப் போட்டது. பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுப் போராடின. அரச காணியின் வாரிசில் ஆண்களுக்கு முன்னுரிமை தந்த 1935-இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டதே 2022-இல்தான்.

வரிசை வீடுகளில் இன்னொன்றும் நடந்தது. முதல் வரிசையில் உம்மாவுக்கு ஒரு வீடு, கடைசி வரிசையில் மகளுக்கு ஒரு வீடு. நடுவில் சீமெந்து மதில். கடப்பு இல்லை.

எல்லாம் நல்லதா?

இதுவரைக்கும் எழுதியதை வாசித்த எங்கள் கூட்டத்து ராத்தா ஒருவர் சொன்னார்: "எல்லாம் சரி. அந்த வீட்டக் கட்டினது ஆரு என்டும் எழுதுங்க."

எழுதத்தான் வேண்டும். வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை என்றால், அந்த வீட்டுக்காக வாப்பா வயலை ஈடு வைக்கிறார். காக்காமார் கத்தாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். சில வீடுகளில் உம்மாவே பணிப்பெண்ணாகப் போகிறார், மகளுக்குப் பக்கத்தில் இருப்பதற்கான வீட்டைக் கட்ட மகளை விட்டுப் பிரிந்து. தங்கச்சிகளின் வீடு முடியும் வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட காக்காமார் எல்லாத் தெருவிலும் உண்டு. மூன்று பெண் பிள்ளை பெற்ற வீட்டில் நிலையத் துண்டு போடுவதும் கூரை ஏற்றுவதும் வாழ்நாள் வேலை. வீடு போதாதென்று கைக்கூலியும் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பலமாக வந்த வீடு, பெண்ணுக்கு விலையாக ஆகிப்போனது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. பெண்ணின் பெயரில் கூரை இருப்பது, உம்மாவுக்கும் மகளுக்கும் கூப்பிடு தூரம் இருப்பது ஒன்று. அதைக் கலியாணத்துக்கு நிபந்தனையாக வைப்பது வேறொன்று. முதலாவது எங்கள் உரிமையும் வரலாறும். அடித்துப் போட்டாலும் கை தூங்காத தாய்க்கு நோய் என்றால் ஓடிவர ஆளிருப்பது, பிள்ளை பெற்ற மகளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்க ஆளிருப்பது அதில்தான். இரண்டாவதை நாம் விடலாம். வரப்போகிற மாப்பிள்ளையும் சேர்ந்து கட்டுகிற வீடும் பெண்ணின் பெயரில் இருக்கலாம். கலியாணத்துக்குப் பிறகு மெதுவாகக் கட்டுகிற வீடும் உம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

எங்களில் பாதிப் பேர் இப்போது கொழும்பிலோ தோஹாவிலோ இருக்கிறோம். முதல் பாலை எப்போது விடுவது என்று வாட்ஸப்பில் கேட்கிறோம். உம்மா கமெராவைச் சட்டிக்குள் காட்டுகிறார், ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. படித்து முடித்து ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ ஊர்ப் பாடசாலையிலோ வேலை கிடைத்தால் திரும்பி வந்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்கிறோம். வந்தால் எந்த வளவில் இடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் உம்மாவிடம் போய், அவர் பிறந்த வீடு எது, அதை யாருக்குக் கொடுத்தார்கள், மூத்தம்மா பிறகு எங்கே நகர்ந்தார் என்று கேளுங்கள். ஒரு தாளில் வளவைக் கீறுங்கள். வீடு, கிணறு, குசினி, வேலி எல்லாம் கீறுங்கள். வேலியில் கடப்பு எங்கே இருந்தது என்றும் கேட்டுக் குறியுங்கள். பக்குவங்களை அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதலாம்.