கோட்டை வாயிலும் கடைத்தெருவும்

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களுக்குத் தனியே பிரயாணம் போய், ஒரு பகற்பொழுதுக்குள் தேவாலயத்தையும் அரண்மனையையும் சந்தைச் சதுக்கத்தையும் பார்த்துத் திரும்புகிறவர்கள் எழுதும் யாத்திரைக் குறிப்புகளை வாசிக்கும்போதெல்லாம், இவ்வகை எழுத்து நமக்குப் புதிதன்று என்ற எண்ணமே எனக்கு எழுகிறது. ஏனெனில் வெளியூரான் ஒருவன் காலையில் தனியே மதுரைக்குள் நுழைந்து, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்து, பொழுது சாயுமுன் தங்குமிடம் திரும்பிய விருத்தாந்தத்துக்கென்றே ஒரு முழுக் காதையை ஒதுக்கி, அதற்கு ‘ஊர்காண் காதை’ என்று பெயரும் சூட்டியிருக்கிறது சிலப்பதிகாரம்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையையை மரப்புணையில் கடந்து தென்கரை சேர்கிறார்கள். மதிலின்மேல் அசையும் கொடிகள் ‘வராதீர்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல் இளங்கோ சொல்வது, பின்னால் நேரப்போவதை அறிந்த கவியின் வேலை. வந்தவர்களுக்கு அது தெரியாது. அறவோர் மட்டுமே வாழும் புறஞ்சேரியில் தங்கி, மறுநாட் காலை மனைவியை அடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் புறப்படுகிறான். கோட்டை வாயிலில் வாளேந்திக் காவல் நிற்பவர்கள் யவனர்கள். அவர்களுக்குச் சந்தேகம் தோன்றாதபடி அவன் உள்ளே செல்கிறான். மேல்நாட்டார் நம் ஊரைப் பார்க்க வருவதையே கண்டு பழகிய நமக்கு, மேல்நாட்டான் வாயில் காக்க நம்மவன் வேடிக்கை பார்க்கப் போகும் இக்காட்சி சிறிது வினோதமாகவே இருக்கும்.

உள்ளே அவன் கண்டது பெரும்பாலும் கடைவீதி. கணிகையர் வீதிகளைக் கடந்தபின், இரத்தினக் கடைத்தெருவில்தான் காவியம் நெடுநேரம் நிற்கிறது: காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்னும் தோஷங்கள் நீங்கிய வயிரம் எது, காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் பழுதுபடாத முத்து எது என்று, ஒரு பரீக்ஷகன் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது. பொன் வீதியிலோ, சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னில் எது எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் மயங்காதிருக்கக் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். அறுவை வீதியில் நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கூல வீதியில் மிளகு மூட்டைகளுக்கிடையே துலாக்கோலும் பறையும் அம்பணமுமாக ஆட்கள் திரிகிறார்கள். வெயில் நுழையாதபடி கொடிகள் பந்தலிட்ட நிழலில் அவன் நடந்து திரும்புகிறான். பார்த்தவன் வணிகன், அதிலும் சிலம்பை விற்று முதலாக்கித் தொழில் தொடங்க வந்தவன், ஆகையால் அவன் கண்ணில் சரக்கே முன்னால் நின்றது இயல்பு.

கல்லின் குற்றத்தை இத்தனை நுட்பமாகப் பிரித்தறிந்த ஊர், அடுத்த நாளே, சிலம்பின் உள்ளிருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பாராமல் ஒருவனைக் கொன்றது. இரத்தின வீதியின் அந்த நீண்ட வர்ணனையை வெறும் அலங்காரமென்று தள்ளுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

இன்னொன்று. கோயில்களை அக்காதை காதால்தான் அறிமுகம் செய்கிறது. நெற்றிக்கண்ணோன் கோயில், கருடக்கொடியோன் கோயில், பலதேவன் கோயில், முருகன் கோட்டம், அறவோர் பள்ளி, அரண்மனை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் விடியலில் சங்கும் முரசும் ஒலிப்பது புறஞ்சேரிவரை கேட்கிறது. ஆனால் நகருக்குள் சென்ற கோவலன் ஒரு சந்நிதியிலும் நின்றதாகச் செய்தியில்லை.

பின்வந்த வெளியூரார் கண்ட மதுரை வேறு. மொராக்கோ தேசத்து இபின் பதூதா, ஏறக்குறைய 1344-இல், மதுரைச் சுல்தான் கியாசுதீனின் சகலன் என்ற உறவோடு இங்கு வந்தார். டில்லியைப் போல அமைந்த அகன்ற வீதிகளைப் பற்றி எழுதியவர், அவ்வீதிகளில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், நோய் கண்டவர் இரண்டு மூன்று நாளில் மடிந்ததையும் எழுதினார். தமக்கே ஜுரம் கண்டபோது, ஒரு ராத்தலளவு புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய் உடம்பு தேறிற்று. நம் பாட்டிமாருக்கு இதில் ஆச்சரியமிராது. 1792-இல் வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர்களோ, பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையைப் படமாக்கிச் சென்றார்கள்.

இவர்களெல்லாம் கோட்டை மதிலுக்கு உட்பட்ட ஊரைக் கண்டவர்கள். விசுவநாத நாயக்கர் எழுப்பிய கோட்டைக்கு 72 கொத்தளங்கள் என்றும், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்றும் வழங்குவார்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அம்மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பித்தார். வேலையை அளந்து நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்கள் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கின்றன. மதிலுக்கு வெளியே வளர்ந்தவை வெளி வீதிகளாயின. மிஞ்சிய கோட்டைத் துண்டொன்று பெரியார் பேருந்து நிலையத்தருகே நிற்கிறது. பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. பின்னர் ரயிலும் வந்தது. வந்திறங்கிய பிரயாணிக்கு ஸ்டேஷன் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம் இருந்தது.

மதில் போனபின் எவரும் எந்நேரமும் ஊருக்குள் வரலாம் என்றாயிற்று. என்றாலும் ஊரின் நடுவிலிருந்த வாயில், உள்ளூரில் பிறந்தவர்களிலேயே பலருக்கு மூடியிருந்தது. சித்திரை வீதிகளில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தும், கோயில் முரசைத் தூரத்திலிருந்து கேட்டும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளினார்கள். 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதையர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று தரிசனம் செய்வித்தார். பட்டர்கள் சிலர் கோயில் தீட்டுப்பட்டதென்று பூஜையை விட்டு விலகினார்கள், வழக்குகளும் கிளம்பின. உடன் சென்றோர்மீது நடவடிக்கை வாராதபடி ராஜாஜியின் மந்திரிசபை முதலில் அவசரச் சட்டமும், அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசச் சட்டமும் கொண்டுவந்தது.