அணையருகே ஒரு கல்லறை

மூலம் திருநாள் மன்னர் திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், 1897 முதல் 1906 வரை, கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது. அதைக் கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சினை மக்கள் 'மூக்கன் துரை' என்றழைத்தனர். அவரது கல்லறை அணையருகிலேயே உள்ளது. கட்டியவர் மண்ணுக்குள் சென்றுவிட்டார். தேக்கிய நீரோ இன்றும் நாஞ்சில் நாட்டு வயல்களில் பாய்கிறது.

கப்ருகளைச் சந்தித்து மறுமையை நினைவுகூரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்தவர்களும் அவர்களே. ஆகவே, மவ்த்தின் நினைவு நம் கைகளைக் கட்டிப்போடுவதற்கன்று. தவணை குறைவென்று உணர்ந்தவரே கிடைத்த நாளை வீணாக்கமாட்டார்.

நாம் மறைந்த பின்னும் பயன்தரும் நிலையான தர்மம் எது? ஒரு கிணறோ, மரமோ, ஒரு குழந்தைக்குக் கற்பித்த கல்வியோ, எதுவாயினும் இன்றே தொடங்குவோம். அல்லாஹ் அருள்புரிவானாக.